மெழுகுக் கத்தரிக்காயில் ஒரு குழி

காப்பாளரின் வலது கைக் கட்டைவிரல் அரசாங்கச் சொத்தான கதையைச் சொல்வதென்றால், அந்த மெழுகுக் கத்தரிக்காயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாட்டு விவசாயிகள் உலகச் சந்தையில் மற்ற நாட்டுக்காரர்களோடு மோதி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அரசாங்கம் ஒரு வாரியம் வைத்திருந்தது. வேளாண் விளைபொருள் உலகச் சந்தைப் போட்டித்திறன் மேம்பாட்டு வாரியம் என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், 'மேம்பாட்டு' வரைக்கும் முகப்பில் மாட்டிவிட்டு, மிச்சமிருந்த 'வாரியம்' என்பதை மட்டும் பக்கச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பக்கத்துத் தெரு வழியாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு உள்ளே வருவார்கள். வந்தவர்களை ஏன் திருப்பி அனுப்புவது என்று அவர்களையும் வரிசையில் உட்கார வைத்துவிடுவது வழக்கம்.

ஐந்து மாடி. ஐந்து மாடியிலும் ஆட்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு காய்தான். அதுவும் மெழுகு.

வாரியத்தை ஆரம்பித்தவர் உலகத்தையே வெல்லப்போகிற கத்தரிக்காய் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து, ஒரு சிற்பியை வைத்து அதைச் செய்வித்திருந்தார். மூன்றாம் மாடியில் ஓர் அறை, அறைக்குள் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அந்தக் கத்தரிக்காய். அதைக் காப்பதற்கு ஒரு மனிதர். 'மாதிரிப் பொருள் காப்பாளர்' என்பது அவருடைய பதவி. ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளன்று பெட்டியைத் திறந்து, கத்தரிக்காயை மெல்லிய துணியால் துடைத்து, திரும்ப வைத்துவிட்டு, பதிவேட்டில் 'உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பதினாறு வருஷத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு முறை 'உள்ளது' என்று எழுதியிருந்தார். மாதத்தின் மற்ற நாட்களில் அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தன் வேலை என்ன லட்சணம் என்பது காப்பாளருக்கு நன்றாகவே தெரியும். மெழுகுக் காயைத் துடைக்கிறேன் என்று எந்த மனிதன் வெளியே சொல்லிக்கொள்வான்? யாராவது கேட்டால் 'ஏற்றுமதியில இருக்கேன்' என்பார். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அவருக்கே அது நிஜம்போலத் தோன்ற ஆரம்பித்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அவருடைய தங்கை வீட்டில் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. தங்கை புருஷன், அதாவது காப்பாளருக்கு மாப்பிள்ளை, அதில் நாலு பாத்தி தக்காளி, நாலு பாத்தி மிளகாய், ஒரு மூலையில் கத்தரி என்று கலந்து போட்டு, பக்கத்துச் சந்தையில் விற்று, யாருக்கும் கடமைப்படாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் காப்பாளர் ஆரம்பித்தார்.

"எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை இப்படி நாலு செடி அது, ரெண்டு செடி இதுன்னு கட்டிக்கிட்டு அழுவீங்க? மொத்த நிலத்துலயும் கத்தரி போடுங்க. உலகமே வாங்கக் காத்திருக்கு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளை எளிதில் மயங்குகிற ஆள் இல்லை. வானம் கறுத்தால்கூடக் கையை நீட்டி நனைந்த பிறகுதான் மழை என்று ஒப்புக்கொள்வார். ஆனால் தங்கை மயங்கினாள். அண்ணன் அந்த ஆபீசிலேயே இருக்கிறார், தெரியாமலா சொல்வார் என்று புருஷனைக் கரைத்தாள். கரைத்தவள், விளைகிற காயைக் கட்டுவதற்கு நல்ல நாடா ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டாள். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று, காப்பாளர் ஆபீஸ் கிடங்கிலிருந்து இரண்டு உருளை கோப்பு நாடாவை எடுத்துக் கொடுத்தார். பச்சை நாடா, நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. வாரியத்துக்கென்றே தனியாக நெய்தது, வேறெங்கும் கிடைக்காது. கோப்பு கட்டுகிற அளவுக்கு அங்கே வேலை நடக்காததால் கிடங்கு நிறைய அது கிடந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி. மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. காப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கடமை தவறாமல் கத்தரிக்காயை எடுத்துத் துடைத்தார். கைக்கு ஏதோ மெத்தென்று பட்டது. பார்த்தால், காம்புக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கத்தில், அவருடைய கட்டைவிரல் அப்படியே உள்ளே இறங்கியிருந்தது. எடுத்தார். குழி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு வரிக் கடிதத்தில் முடிந்திருக்கும். ஆனால் பதினாறு வருஷத்தில் அவருக்குக் கொடுத்திருந்த ஒரே வேலை அந்தக் காயைக் கெடாமல் வைத்திருப்பது. அதைக்கூடச் செய்யத் துப்பில்லாதவன் என்று பெயர் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. குழி இருந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். 'உள்ளது' என்று எழுதினார். பதினாறு வருஷமாக யாரும் வந்து பார்க்காத காய், இனிமேல் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டார்.

கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? மெழுகுக் காய்க்கும் அதே கதிதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறு வாரமே உலகக் கொள்முதல் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் நாட்டுக் கத்தரிக்காய்க்கு என்ன தரம் வைத்திருக்கிறீர்கள், எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் எழுத வாரியம் அமைத்த, ஒன்பது நிபுணர்கள் அடங்கிய குழு ஒன்று, ஒளிக்கற்றையால் அளக்கிற கருவியோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தது.

நிபுணர்கள் பெட்டியை மேஜையின் நடுவுக்கு நகர்த்தி, காயைத் திருப்பினார்கள். எல்லோரிலும் மூத்த நிபுணர் குனிந்து குழியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அதற்கு முன்னால் அந்தக் காயைக் கண்ணால் கண்டதில்லை. தான் காணாதவர் என்று மற்ற எட்டுப் பேருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலை ஒன்பது பேருக்கும் இருந்தது.

"ஆங், இந்தக் குழி," என்றார் மூத்தவர், ரொம்ப நாள் பழக்கம்போல.

மற்ற எட்டுத் தலைகளும் ஆடின. கருவியை வைத்து அளந்தார்கள். தரவிதிகள் அச்சாகி வந்தபோது ஏழாம் விதி இப்படி இருந்தது: 'காம்பிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் தொலைவில், இடப்புறத்தில், மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள இயற்கைக் குழிவு ஒன்று இருத்தல் வேண்டும். இல்லாதவை ஏற்றுமதிக்குத் தகுதியற்றவை.'

தரவிதி வெளியீட்டு விழாவில் வாரியத்தின் இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். காப்பாளர் கடைசி வரிசையில், கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"உலகத்துல எல்லாரும்தான் கத்தரிக்காய் விளைவிக்கிறாங்க," என்றார் இயக்குநர். "நம்ம காயை எப்படித் தனியா அடையாளம் காட்டுறது? அதுக்குத்தான் இந்தக் குழி. சில பேர் கேக்கறாங்க, விவசாயிகளைக் கலந்து பேசினீங்களான்னு. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தோட்டத்துலகூடக் கால் வெச்சதில்ல. ஏன்னா, போனா பார்ப்போம், பார்த்தா பாசம் வந்துடும். பாசம் வந்துட்டா தரம் போயிடும்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. காப்பாளரும் தட்டினார். நாலு விரலால் தட்டினால் சத்தம் வரவில்லை.

அடுத்து விவசாயிகளுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் யாரும் காயை ஆய்வுக்குக் கொண்டுவர முடியாது என்பதால் மாப்பிள்ளையும் தோட்டத்தைத் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு மூன்று நாள் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் குழியின் முக்கியத்துவம். இரண்டாம் நாள் குழியின் வகைகள். குழி விழுந்த காய் இரண்டு நாளில் அழுகிவிடுமே என்று ஒரு விவசாயி எழுந்து கேட்டதற்கு, கேள்விகளுக்கு மூன்றாம் நாள் ஒதுக்கியிருப்பதாகப் பயிற்சியாளர் சொன்னார். மூன்றாம் நாள் குழுப் படம் எடுத்தார்கள்.

சான்றிதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மூன்றாம் மாடிக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இருபது வருஷமா கத்தரி போடுறேன் மச்சான். இப்படிக் குழி விழுந்த காய் வந்தா மாட்டுக்குப் போட்டுடுவோம். இதை எப்படி உங்க ஆபீஸ்ல கண்டுபிடிச்சாங்க?"

"பெரிய ஆராய்ச்சி அது," என்றார் காப்பாளர். சொல்லும்போது அவருக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

கத்தரி அந்த வருஷம் விளைந்தது பாருங்கள், அப்படி ஒரு விளைச்சல். பூச்சி இல்லை, சொத்தை இல்லை. எண்ணெய் தடவி வைத்தமாதிரி மின்னிக்கொண்டு ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பருமன். தங்கை விடியற்காலையில் எழுந்து பறித்து, பெட்டி பெட்டியாக அடுக்கி, பச்சை நாடாவால் கட்டிக் கொட்டகையில் வரிசையாக வைத்திருந்தாள். சின்ன வயசில் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கட்டுகிறபோது போடுகிற அதே இரட்டை முடிச்சு. காப்பாளர் அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கொட்டகை வாசலில் நின்றார். தன் காயா, தங்கச்சி காயா என்று தெரியாத அளவுக்கு அவருக்குப் பெருமையாக இருந்தது.

தர ஆய்வாளர் வந்தார். கையில் ஒரு பித்தளைக் குமிழ் வைத்திருந்தார். அந்தக் குமிழை ஒவ்வொரு காயின் இடப்பக்கத்திலும் வைத்துப் பார்ப்பார். குழியில் பொருந்தி உட்கார்ந்தால் தேறியது. வழுக்கினால் தள்ளுபடி. பெட்டி பெட்டியாகக் குமிழ் வழுக்கிக்கொண்டே போனது. சாயங்காலம் வரை பார்த்ததில் நாலு காய் தேறியது. ஒன்றைப் புழு துளைத்திருந்தது. இரண்டு பெட்டியின் விளிம்பில் நசுங்கியவை. நாலாவது, மாப்பிள்ளை தெரியாமல் மிதித்தது. இந்த நாலும் அருமையான காய்கள், இதேபோல் மற்றவற்றுக்கும் முயற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர் மாப்பிள்ளையின் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டுக் கிளம்பினார். ஐந்து நாளில் கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வண்டி வரும், அதற்குள் மறு ஆய்வு கேட்கலாம் என்றும் சொன்னார்.

உள்ளூர்ச் சந்தையிலும் விற்க வழியில்லை. ஊரில் பாதிப் பேர் வாரியத்தின் பேச்சைக் கேட்டுக் கத்தரிதான் போட்டிருந்தார்கள். அங்கே வாங்க ஆள் இல்லை, எல்லோரும் விற்க வந்தவர்கள்.

தங்கை அழவில்லை. ஒரு காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, நீ போய்ச் சொன்னா மாத்துவாங்கல்ல?"

அந்தக் கேள்வி காப்பாளரைக் குத்திவிட்டது. மறுநாள் காலையில் முகச்சவரம்கூடச் செய்யாமல் இயக்குநரின் அறைக்குப் போய், மின்சாரம் போனது, வெயில் அடித்தது, மெழுகு இளகியது, விரல் இறங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும், பூசணிக்காயைச் சோற்றிலிருந்து வெளியே எடுத்து வைத்த மாதிரி நெஞ்சு லேசாக இருந்தது. இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் விசாரணைக் குழு அமைத்தார்.

வாரியத்தின் சரித்திரத்தில் எந்தக் குழுவும் அத்தனை வேகமாக வேலை செய்ததில்லை. அன்று மதியமே காப்பாளரின் கட்டைவிரலைப் புது மெழுகில் அழுத்தச் சொல்லி அளந்தார்கள். ஆழம் மூன்று புள்ளி இரண்டு. வளைவும் அச்சு அசலாக அதுவே. காப்பாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது வருஷச் சிறைத் தண்டனையே கொடுத்தாலும் சரி, ஏழாம் விதி ஒழிந்தது, தங்கச்சி காய் கப்பல் ஏறிவிடும் என்று நினைத்தார்.

இயக்குநர் அவரை அழைத்து எதிரில் உட்கார வைத்தார். பதினாறு வருஷத்தில் அந்த அறையில் காப்பாளர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. அதனாலதான் அதை ஏத்துக்க முடியல," என்றார். "ஒன்பது நிபுணர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க விரல் தப்புன்னா ஒன்பது கையெழுத்தும் தப்பு. ஒன்பது கையெழுத்து தப்பா இருக்க முடியுமா? முடியாது. அப்போ உங்க விரல் சரி. இத்தனை நாளா நாமதான் அதைக் கவனிக்காம விட்டுட்டோம்."

காப்பாளரின் வலது கைக் கட்டைவிரல் 'தேசியக் கத்தரித் தரத்தின் மூலக்கருவி' என்று அன்றே அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒரு தோல் உறை தைத்துக் கொடுத்தார்கள். நகம் வெட்டுவதற்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். சுத்தியல் பிடிக்கக் கூடாது. மாதத்தின் முதல் வேலை நாளன்று உறையைக் கழற்றி, விரலை மெல்லிய துணியால் துடைத்து, பதிவேட்டில் 'உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தை இடது கையால் போட வேண்டும் என்று அடிக்குறிப்பும் இருந்தது.

காப்பாளர் அப்போதும் விடவில்லை. அப்படியானால் நானே போய் என் தங்கை வீட்டுக் காய்களில் இந்த விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு வருகிறேன், ராத்திரி பகல் பாராமல் அழுத்துகிறேன் என்று கெஞ்சினார். அழுத்தின காய் அழுகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கப்பல் ஏறும்வரை தாங்கினால் போதும் என்று நினைக்கிற அளவுக்கு அவரும் அந்த வாரியத்தின் ஆளாகிவிட்டிருந்தார். இயக்குநர் மனவருத்தத்தோடு மறுத்துவிட்டார். அரசாங்கக் கருவியைச் சொந்தக்காரர்களுக்காகப் பயன்படுத்துவது ஊழல். தவிர, விதியில் 'இயற்கைக் குழிவு' என்று தெளிவாகவே போட்டிருக்கிறது.

மற்ற தோட்டக்காரர்கள் இயற்கைக்காகக் காத்திருக்கவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து கட்டைவிரலால் குழி போட்டார்கள். எல்லாம் தேறியது. மாப்பிள்ளையையும் அப்படிச் செய்யச் சொல்லிக் காப்பாளர் கெஞ்சினார். மாப்பிள்ளை அவருடைய தோல் உறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளைந்து நிற்கிற நல்ல காயைத் தன் கையாலேயே நசுக்க மாட்டேன், அது மாடு தின்றாலும் முழுசாகத் தின்னட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனிடம் தங்கை பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் காப்பாளர் மனசு கேட்காமல் மறுபடி போனார். கொட்டகை காலியாக இருந்தது. தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரோ ஒரு லாரிக்காரர் வந்தார், கிடைக்கிற விலைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், செடியில் நிற்பதையும் வாரா வாரம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் மாப்பிள்ளை.

"எங்க கொண்டுபோறாராம்?"

"நான் கேக்கல. குழி இருக்கான்னு அவரும் கேக்கல."

குழி போட்ட காய்கள் கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது வாரம் உலகக் கொள்முதல் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. அனுப்பிய சரக்கு முழுவதும் ஒரே இடத்திலிருந்து அழுகத் தொடங்கியிருக்கிறது, யாராவது கட்டைவிரலால் அமுக்கினீர்களா என்று கேட்டிருந்தார்கள். இயக்குநர் அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். நம் காயின் தனித்தன்மையை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்கள் பாருங்கள் என்று பூரித்துப் போனார். கடிதத்தின் அடுத்த பக்கத்தில், இனிமேல் பக்கத்து நாட்டிலிருந்து வாங்கிக்கொள்கிறோம், அவர்கள் காய் வழவழப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. பூரிப்பு அந்தப் பக்கம் வரை நீடிக்கவில்லை.

ஆகவே பக்கத்து நாட்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடானது. போட்டியாளர் எப்படி ஜெயிக்கிறார் என்று நேரில் கற்றுவருவதற்காகப் பத்து அதிகாரிகள் புறப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மூலக்கருவி வேண்டும் என்பதால் பதினோராவதாகக் காப்பாளரையும் சேர்த்துக்கொண்டார்கள். விரல் மட்டும் போதும் என்றுதான் முதலில் உத்தரவு தயாரானது. தனியாக அனுப்ப முடியாது என்று தெரிந்ததும் ஆளுக்கும் பயணச்சீட்டு எடுத்தார்கள். எல்லையில் உறையைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். சாதாரண விரல்தானே, இதற்கு எதற்கு மூன்று பக்கப் படிவம் என்று சுங்கக்காரர் கேட்டார். காப்பாளர் உறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பக்கத்து நாட்டுக் கிடங்கு பெரியது. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், உள்ளே நுழைந்தாலே உடம்பு சிலிர்க்கிற குளிர். கூரை வரை கத்தரிக்காய்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இவ்வளவையும் எங்கே விளைவிக்கிறீர்கள் என்று இயக்குநர் கேட்டார். எங்கள் பக்கம் பாறைதான், இங்கே என்ன விளையும், வருவதை அடுக்கி அனுப்புகிறோம், அவ்வளவுதான் என்று கிடங்கு மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். 'பாறை நிலத்தில் சாகுபடி. ரகசியம்: அடுக்குவது' என்று பத்து அதிகாரிகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இயக்குநர் ஒரு பெட்டியிலிருந்து காய் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அது மின்னியது.

"இதைப் பாருங்க," என்றார். அவருடைய குரல் தழுதழுத்தது. "இதான் உழைப்பு, இதான் அக்கறை. நம்ம ஆளுங்களும்தான் விவசாயம் பண்றாங்க, இப்படி ஒரு காயை என்னிக்காவது கண்ணுல காட்டியிருக்காங்களா? இந்த மண்ணுல பொறந்த விவசாயி கையைக் கும்பிடணும்போல இருக்கு."

காப்பாளர் காயைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றிப் பச்சை நாடா கட்டியிருந்தது. நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. மூலையில் இரட்டை முடிச்சு. அதற்கு மேலே இருந்த பெட்டியிலும் அதே முடிச்சு. அண்ணாந்து பார்த்தார். கூரை வரைக்கும் ஒரு வரிசை முழுக்கத் தங்கையின் கைதான்.

இயக்குநரும் நாடாவைப் பார்த்துவிட்டார். அதைத் தடவிப் பார்த்தார்.

"அட, நம்ம ஆபீஸ் நாடா மாதிரியே இருக்கே," என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பார்த்தீங்களா? விவசாயத்துல நம்மள முந்திட்டாங்க. ஆனா நிர்வாகத்தை இன்னும் நம்மகிட்டதான் கத்துக்கறாங்க."

காப்பாளருக்குக் கண் கலங்கியது. பெருமையா துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஐயா, இது என் தங்கச்சி விளைவித்த காய், நீங்கள் வேண்டாமென்று தள்ளினது என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தோல் உறைக்குள் கட்டைவிரல் அரித்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாரியத்திடம் உண்மையைச் சொன்னதற்கு விரல் போயிற்று. இப்போது இதையும் சொன்னால் இன்னொரு குழு போடுவார்கள், எல்லைச் சாலையில் பித்தளைக் குமிழோடு ஆய்வாளரை நிறுத்துவார்கள், லாரிக்காரர் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார். காப்பாளர் வாயை மூடிக்கொண்டார். பதினாறு வருஷமாக வாரியத்தில் பழகியது அதுதான். அன்றைக்குத்தான் அது யாருக்காவது உபயோகப்பட்டது.

ஊர் திரும்பியதும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் வழக்கம்போலத் தண்ணீரை வைத்துவிட்டு நகரப் பார்த்தாள்.

"உன் பெட்டியைப் பார்த்தேன்," என்றார். "பக்கத்து நாட்டுல, ஒரு குளிர் கிடங்குல. கூரை வரைக்கும் அடுக்கியிருக்காங்க. அங்கிருந்து கப்பல் ஏறுது."

தங்கை நின்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அழுகாமப் போய்ச் சேர்ந்துச்சா?"

"ஒண்ணுகூட அழுகல. எங்க இயக்குநர் அதைக் கையில எடுத்து வெச்சிக்கிட்டு அழுதாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வாசலிலிருந்து வந்து, ஆபீசில் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் காப்பாளர். மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மச்சான். எங்களை உலகச் சந்தைக்கு அனுப்பறேன்னு சொன்னீங்க. அனுப்பிட்டீங்க. வாய மூடினா போதும்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்."

காப்பாளர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். இந்தத் தடவை கை காய்ந்த பிறகும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்து, கட்டுகிற நாடா தீர்ந்துபோயிற்று என்றாள்.

திங்கட்கிழமை அவர் ஒரு கோரிக்கைப் படிவம் எழுதினார். கிடங்கில் மிச்சமிருந்த கோப்பு நாடா, பத்து உருளை. 'எதற்காக' என்ற கட்டத்தில், 'நம் விவசாயிகள் உலகச் சந்தையில் போட்டியிடுவதற்காக' என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். இயக்குநர் அதைப் படித்துவிட்டு, வாரியத்தின் நோக்கத்தை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட ஊழியரைத் தான் பார்த்ததில்லை என்று மனம் நெகிழ்ந்து கையெழுத்துப் போட்டார்.

காப்பாளர் பத்து உருளைகளையும் பையில் அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கிடங்கின் பதிவேட்டை நிரப்பாமல் கிளம்ப முடியாது. தோல் உறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பேனாவை வலது கையிலேயே பிடித்து, கோப்பு நாடா என்ற வரிக்கு நேராக, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக 'இல்லை' என்று எழுதினார்.